ரஷ்ய இலக்கியம் படிக்க மகளை அனுப்பலாமா?

பிளஸ் டூ முடித்த மகள் ரஷ்ய மொழியும் இலக்கியமும் படிக்க ஆசைப்படுகிறாள், அனுப்பலாமா, பாதியில் திணறிவிடுவாளா என்று வள்ளியூரிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

தாராளமாக அனுப்புங்கள் அண்ணாச்சி. நானும் அதே படிப்புதான், ஊர் பணகுடி.

33 எழுத்தும் சீக்கிரமே பழகிவிடும். ஆறு வேற்றுமை என்றதும் மற்றவர்கள் மிரளுவார்கள், எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. 'எனக்குக் குளிருது' என்பதை ரஷ்யர்களும் அதே நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறார்கள். படுத்துவது வினைச்சொல். பாளையங்கோட்டைக்கு நடந்து போனால் ஒரு வினை, பஸ்ஸில் போனால் வேறொன்று, தினமும் போய்வருகிறவனுக்கு இன்னொன்று, அதற்கு மேல் போய்ச் சேர்ந்தானா இல்லை போய்க்கொண்டிருந்தானா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் போனில் அழுதால் திரும்பி வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

டெல்லி ஜே.என்.யூ.விலும் ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகமான இஃப்லுவிலும் பி.ஏ. ரஷ்யன் இருக்கிறது. ஜே.என்.யூ.வுக்கு க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போலிஷ், செக், பல்கேரியன் எல்லாம் ரஷ்யனோடு ஒரே ஸ்லாவியக் குடும்பம், ஒன்று தெரிந்தால் அடுத்தது சுலபமாகப் பிடிபடும்.

வேலை என்றதும் உங்கள் மனசில் கூடங்குளம்தான் வந்திருக்கும். ரஷ்ய உலைகள், ரஷ்ய இன்ஜினியர்கள், செட்டிகுளம் பக்கம் கடைகளில் ரஷ்ய எழுத்தில் போர்டு. மொழிபெயர்ப்பாளர் தேவை என்பது நிஜம்தான். ஆனால் அங்கே வேண்டியது வால்வும் டர்பைனும், அதை வகுப்பில் சொல்லித் தருவதில்லை, தனியாக உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று காத்துக் கிடக்கிறது. கார்க்கியின் 'தாய்' நம் திருநெல்வேலி தொ.மு.சி. ரகுநாதன் கையால் தமிழுக்கு வந்தது, ரஷ்ய நாவல் படிக்கும் பழக்கம் நம்மிடம் அவ்வளவு பழசு. இருந்தும் தமிழில் கிடைப்பதில் நிறைய இங்கிலீஷ் வழியாக வந்தவை. புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' கதையில் தத்யானா எழுதும் கடிதத்தைப் பாருங்கள், 'நீங்கள்' என்று கூச்சத்தோடு ஆரம்பிக்கிறவள் நடுவில் தன்னை மீறி 'நீ' என்று விழுந்துவிடுவாள், அந்தப் பெண்ணின் மொத்தத் தவிப்பும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இங்கிலீஷில் அது காணாமல் போய்விடும், தமிழில் அப்படியே நிற்கும். நேராக ரஷ்யனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர ஆள் போதாது, உங்கள் மகள் அதில் ஒருத்தியாக வரட்டும்.

அதனால் எம்.ஏ. வரைக்கும் படிக்க விடுங்கள். பி.ஏ.வோடு நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுத்தால் ரஷ்யன் பேச வரும், இப்படி ஒரு கடிதத்தைத் தமிழில் எழுதும் அளவுக்குக் கை வந்திருக்காது.