எருக்கைப் பிடுங்காதீங்க

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நாங்க உவரிக்குப் பக்கத்துல வீடு கட்டி 2 வருஷம் ஆகுது, கடல் நடந்து போற தூரம்தான். முன்பக்கம் 10 சென்ட் சும்மா கெடக்கு. நர்சரில ரோஸ், குரோட்டன்ஸ், புல்தரை எல்லாம் வாங்கி வச்சோம், ஆடி முடியுறதுக்குள்ள அத்தனையும் கருகிப் போச்சு, இத்தனைக்கும் காலையும் சாயங்காலமும் தண்ணி விட்டேன். போர் தண்ணி கொஞ்சம் உப்புதான். நீங்க நம்ம ஊரு செடியே வைங்கன்னு எழுதுதீங்க, ஆனா வேலியோரம் நிக்கிற எருக்கையும் ஆவாரையையும் பாத்தா தோட்டம் மாதிரியா இருக்கு? எருக்குல வேற வரிவரியா புழு. வீட்ல எல்லாரும் புடுங்கிப் போடச் சொல்லுதாங்க. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

தங்கச்சி,

மொதல்ல அந்த எருக்குல கை வைக்காதீங்க. அந்தப் புழு உங்க கத்தரியையும் மல்லியையும் தேடி வராது, அதுக்கு எருக்கும் எருக்கோட சொந்தக்காரச் செடிகளும்தான் சாப்பாடு. கருப்பு, வெள்ளை, மஞ்சன்னு வரி ஓடி, முதுகுல 3 ஜோடி கருப்புக் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. காலைல ஒரு ஸ்டூலைப் போட்டு பக்கத்துல உக்காந்து பாருங்க. எடுத்த எடுப்புல இலையைத் தின்னாது, நடு நரம்பைக் கடிச்சு விட்டுட்டு கொஞ்சம் ஒதுங்கிக்கிடும், பால் அங்கேயே வடிஞ்சுரும், பொறவு வந்து பால் ஏறாத நுனிப்பக்கத்தை நிதானமா தின்னும். எருக்கம்பால் விஷம் கொஞ்சம் அது உடம்புல தங்கி பட்டாம்பூச்சி ஆன பொறவும் இருக்கும், அதனாலதான் அது அவ்வளவு மெதுவா பறந்தாலும் குருவிங்க அனேகமா அதைத் தொடுறது இல்ல. எருக்கம்பூவுக்குன்னு ஒரு பெரிய கருவண்டு ரீங்காரம் போட்டுக்கிட்டு வரும், அதையும் பாத்துக்கிடுங்க. ஒண்ணு மட்டும் கவனம், எருக்கம்பால் கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, சின்னப் பிள்ளைங்க விளையாடுற பக்கம் நின்னா அந்த ஒரு செடியை மட்டும் எடுத்துருங்க, மத்தது நிக்கட்டும்.

ரோஸ் கருகுனதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. ஆனி ஆடியில நமக்கு வர்ற காத்து, மழையை எல்லாம் மலைக்கு மேற்கே கேரளாவுல கொட்டிட்டு வெறும் காத்தா ஆரல்வாய்மொழி கணவாய் வழியா பாஞ்சு வருது, அதுக்காகத்தானே ராதாபுரம் பக்கம் பூரா காத்தாடி நட்டு வச்சிருக்கான். அந்தக் காத்து இலையில உள்ள ஈரத்தை உறிஞ்சிரும், கடலோரத்துல உப்பும் சேந்து இலை நுனியைச் சுட்டுரும், மேல உப்புத் தண்ணியை ஊத்த ஊத்த வேருலயும் உப்பு சேரும். புன்னை இலையைத் தொட்டுப் பாருங்க, தோல் மாதிரி தடிச்சு வழவழன்னு இருக்கும், இந்தக் காத்தைத் தாங்கத்தான் அது அப்படி.

நானும் ஒரு காலத்துல வீட்டு முன்னால படர்ந்து கெடந்த அடும்புக் கொடியை காடு மாதிரி இருக்குன்னு ஆள் விட்டு மொத்தமா வழிச்சு எடுத்தேன். அடுத்த ஆனியிலேயே மணல் கெளம்பி நடை வரைக்கும் ஏறிருச்சு, எங்கம்மா தினம் விடியக்காலம் கூட்டி அள்ளுவாங்க, மறுநாள் திரும்ப அவ்வளவும் கெடக்கும். அப்பத்தான் புத்தி வந்துச்சு, அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் புடிச்சு வச்சிருந்திருக்கு. கடற்கரையில இருந்து ரெண்டு முழம் கொடி மட்டும் வெட்டிட்டு வந்து ஐப்பசி மழையில மண்ணுக்குள்ள அமுக்கி விட்டேன். இப்ப காலைல அஞ்சாறு மணிக்கு வெளிய வந்தா வாசல் பூரா ஊதாப் பூ, உச்சி சாஞ்சா சுருங்கிரும், மறுநாள் வேற பூ. கொடிக்காக கடற்கரையைப் பேத்து எடுத்துறாதீங்க, ஒரு துண்டு போதும், அங்க அது இருந்தாத்தான் மணல்மேடு நிக்கும்.

உங்க 10 சென்டுக்கு நான் சொல்லுதது இதான். காத்து மேற்க இருந்து வருது, அந்தப் பக்கம் பூவரசு, புன்னை, வேம்பு. பூவரசுக்கு கை மொத்தத்துல போத்து வெட்டி நட்டாலே தழைஞ்சுரும். புன்னைக்கு வவ்வால் தின்னுட்டுப் போட்ட கொட்டையைப் பொறுக்குங்க, அப்படியே புதைச்சா ரெண்டு மாசம் காக்க வைக்கும், பருப்பு நசுங்காம ஓட்டைத் தட்டி எடுத்துட்டு போட்டா மூணு வாரம் போல முளைச்சுரும். கன்னுக்கு ஒரு வருஷம் பனையோலைத் தட்டி கட்டி விடுங்க, குழிக்குள்ள தேங்கா மட்டையைப் போட்டு நட்டா ஈரம் நிக்கும். அதுக்கு உள்பக்கம் நொச்சியும் ஆவாரையும், ஆவாரையை பூத்து முடிஞ்சதும் வெட்டி விட்டா கொத்துக் கொத்தா புதர் கட்டும், வெளிர் மஞ்சப் பட்டாம்பூச்சி அதுல வந்து முட்டை வைக்கும். ஒரு மூலையில நாலு பனங்கொட்டை. அதுல ஏறி பதனி இறக்குறது உங்க பிள்ளைங்க காலத்துலதான், ஆனாலும் போடுங்க. மல்லி ஆசைன்னா காத்து படாத எடத்துல, மழைத்தண்ணியைப் புடிச்சு வச்சு ஊத்தி வளருங்க. காகிதப்பூ, நித்தியகல்யாணி எல்லாம் வெளியூர்ச் செடிதான், வீட்ல ஏற்கனவே இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நான் அதுக்குச் சண்டைக்கு வரமாட்டேன். சீமைக்கருவேலம் தலை காட்டுனா மட்டும் வேரோட எடுத்துருங்க.

தோட்டம் மாதிரியா இருக்குன்னு கேட்டீங்க. போட்டோவுல பாத்தா இருக்காதுதான், தங்கச்சி. ரோஸ் செடிக்கு முன்னால நின்னா நீங்க பூவை மட்டும்தான் பாப்பீங்க, எருக்குக்கு முன்னால ஒரு மணி நேரம் உக்காந்தா புழு, வண்டு, எறும்பு, ஓணான்னு ஒரு ஊரே நடமாடும், ஒரு சொட்டுத் தண்ணி நீங்க ஊத்த வேண்டாம். எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே விடியுது.

அந்தப் புழு ரெண்டு வாரத்துல தின்னு முடிச்சு தலைகீழா தொங்கும், மறுநாள் பாத்தா பச்சைக் கூடு, அதுல பொன்னால பொட்டு வச்ச மாதிரி இருக்கும். கூட்டுக்குள்ள ஆரஞ்சு நிறம் தெரியுதான்னு தினமும் பாருங்க, தெரிஞ்சா மறுநாள் காலைல சீக்கிரம் எந்திரிச்சுருங்க. பூவரசம் போத்து எங்க வீட்ல நிறைய இருக்கு, ஐப்பசி மொத மழைக்கு வாங்க, வெட்டித் தாரேன்.