வெளிச்சம் தெரிகிறதா?
வாசகர் கேள்வி-பதில்: துப்பாக்கிப் பாதுகாப்பு

இந்த முறை ஷாட்கன் குழல் அடைப்பு தொடர்பாக வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ட்ராப் பயிற்சியில் (பறக்கும் தட்டைச் சுடுவது) ஒரு தோட்டா ‘டப்’ என்று சுரத்தே இல்லாமல் வெடித்தது. தோளில் உதையும் இல்லை. மட்டமான தோட்டா என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இதை இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: ஒன்றும் ஆகாமல் போனது உங்கள் நல்ல நேரம். அதை நம்பி இன்னொரு முறை செய்துவிடாதீர்கள்.

ஷாட்கன் தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ரவைகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். அதுதான் வாட். மருந்து எரிந்து கிளம்பும் வாயு இந்த வாட்டைத் தள்ள, வாட் ரவைகளைத் தள்ளும். மருந்து குறைவாக இருந்தாலோ, ஈரம் பட்டிருந்தாலோ, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பலவீனமாக இருந்தாலோ, தோட்டாவின் வாய்மடிப்பு சரியாக இறுகாமல் இருந்தாலோ அழுத்தம் போதாமல் போகும். வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களிடம் மருந்தே விழாத தோட்டாவும் சில சமயம் வந்துவிடுகிறது. அப்போது வெடிப்பது பிரைமர் மட்டும்தான். வாட்டை அறையிலிருந்து (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) கிளப்ப அதற்குத் தெம்பு உண்டு, குழலைத் தாண்டி வெளியே தள்ளத் தெம்பு கிடையாது. வாட் நடுவழியில் நின்றுவிடும். பெரும்பாலும் ரவைகளில் ஒரு பங்கும் அதோடு தங்கிவிடும்.

காதில் அடைப்பான் போட்டிருப்பவருக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதனால் உதையைக் கவனியுங்கள். துப்பாக்கி தோளைத் தொட்டதோடு சரி என்றால் சந்தேகப்பட வேண்டும். முனையைத் தாழ்த்தும்போது ரவைகள் பொலபொலவென்று உதிர்ந்தாலும், அறையைத் திறந்ததும் எரியாத மருந்துத் துகள் கொட்டினாலும் சந்தேகமே வேண்டாம், அடைப்புதான்.

அப்போது செய்ய வேண்டியது: விரலை டிரிக்கரிலிருந்து எடுங்கள். முனை ஆபத்தில்லாத திசையிலேயே இருக்கட்டும். அரை நிமிடம் அப்படியே நில்லுங்கள்; தீ தாமதமாகப் பிடித்து வெடிக்கும் தோட்டாக்களும் உண்டு. பிறகு, முகம் அறைக்கு நேர் பின்னால் வராதபடி விலகி நின்று திறந்து, எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள். மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் என்றால் பின்பக்கமிருந்து பார்த்தாலே போதும்.

பம்ப் துப்பாக்கிக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வது. சுட்டதும் முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுவது கைப்பழக்கம். ‘டப்’ சத்தம் மூளைக்கு எட்டுவதற்குள் அடுத்த தோட்டா அறைக்குள் போய்விடும். தானியங்கியில் பலவீனமான வெடிக்கு, அறையை அடைக்கும் போல்ட் தானாகப் பின்வாங்காது. அதுவே ஓர் எச்சரிக்கை. ‘சிக்கிக்கொண்டது’ என்று கையால் இழுத்து அடுத்ததை ஏற்றினால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடும்.

கேள்வி: நின்ற வாட்டை எப்படி எடுப்பது? பக்கத்தில் இருந்தவர் ரவையில்லாத வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டால் வந்துவிடும் என்கிறார்.

பதில்: அந்த யோசனையை அவரோடேயே விட்டுவிடுங்கள். அடைப்புக்குப் பின்னால் மருந்தை எரிப்பதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறோம்.

12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் (‘போர்’ என்பது குழலின் அளவைச் சொல்லும் எண்; எண் கூடினால் குழல் சிறியது). 16 மில்லிமீட்டர் தடிமனில், குழலைவிட ஒரு கையளவு நீளமாக, நேரான ஓர் உருட்டு மரக்கோலை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி இதற்கு ஆகாது; பிளாஸ்டிக்கைக் குத்திக் கிழித்து இன்னும் இறுக்கிவிடும். குழலைக் கழற்றுங்கள், அல்லது அறையைத் திறந்தே வையுங்கள். சில துளி எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறட்டும். கோலை முனைப்பக்கமிருந்து விட்டுப் பின்பக்கமாகத் தள்ளுங்கள். ஏன் இந்தத் திசை என்றால், சோக் இருக்கும் முனை மற்ற இடத்தைவிடக் குறுகல். மிகவும் குறுகலான ஃபுல் சோக்கில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறையும். வாட்டை அந்தப் பக்கம் தள்ளினால் அங்கே போய் மறுபடி இறுகும்.

கேள்வி: முனையில் ஒட்டிய துளி மண்ணுக்கு எஃகுக் குழல் வெடிக்குமா? முனைதான் திறந்திருக்கிறதே, வாயு போக வழியில்லையா?

பதில்: வாயுவுக்கு வழி இருக்கிறது, நேரம்தான் இல்லை.

12 போரின் சாதாரண தோட்டாவில் சுமார் 28 கிராம் ரவை, நொடிக்கு 370 மீட்டருக்கும் மேலான வேகத்தில் முனையைக் கடக்கிறது. அழுத்தம் உச்சத்துக்குப் போவது அறையிலும் அதையடுத்த சில சென்டிமீட்டரிலும்தான். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் 12 போர் 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. ரவை முன்னேற முன்னேற வாயு விரிந்து அழுத்தம் மளமளவென்று இறங்கும். அதனால்தான் குழலை அறைப்பக்கம் தடிப்பாகவும் முன்னே போகப் போக மெல்லிசாகவும் செய்கிறார்கள். முன்பாதியில் சுவர் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பது சகஜம். தடிப்பாக இருந்தால் ஷாட்கன்னைத் தூக்கி வீசிச் சுட முடியாது.

அந்த மெல்லிய இடத்தில் மண்ணோ பனியோ துணித்துண்டோ இருந்தால், ஓடிவரும் ரவைத்திரளின் முன்வரிசை அதில் முட்டித் தயங்கும். பின்வரிசை தயங்காது. ஈயம் மென்மையானது, நெருக்கப்பட்டால் பக்கவாட்டில் பிதுங்கிக் குழலின் சுவரை ஆப்பு மாதிரி நெம்பும். பின்னால் வரும் வாயுவும் அதே இடத்தில் குவிகிறது. எல்லாம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். அடைப்பு லேசாக இருந்தால் குழலில் வளையம் போல ஒரு வீக்கம் விழும். இல்லையென்றால் குழல் கிழியும்.

வெடித்த குழலைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். அறை பிளந்திருந்தால் மருந்து மிகுதி போன்ற தோட்டாக் கோளாறு. அறை நன்றாக இருந்து, அதைத் தாண்டிக் குழல் கிழிந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடைப்பை.

முனை தரையில் பட்டாலோ, துப்பாக்கியோடு கால் தவறி விழுந்தாலோ, தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பார்த்த பிறகே மறுபடி ஏற்றுங்கள். மாதக்கணக்கில் மூலையில் நின்ற துப்பாக்கிக்கும் இதுவே. குளவிக்கு இதைவிடத் தோதான பொந்து கிடைக்காது.

கேள்வி: எங்களிடம் 12 போரும் 20 போரும் இருக்கின்றன. தோட்டாக்களைக் கலக்கக் கூடாது என்கிறார்கள். சின்னத் தோட்டா பெரிய துப்பாக்கியில் வெடிக்காது, அவ்வளவுதானே?

பதில்: வெடிக்காது என்பதுதான் ஆபத்தே.

அளவுகளைப் பாருங்கள். 20 போர் தோட்டாவின் அடிவிளிம்பு சுமார் 19.4 மில்லிமீட்டர். 12 போரின் அறை 20 மில்லிமீட்டருக்கு மேல், குழலோ 18.5. அதனால் 20 போர் தோட்டா அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய், அறை குறுகிக் குழலாகும் சரிவில் விளிம்பு தட்டி நிற்கும். துப்பாக்கியை மூடி டிரிக்கரை இழுத்தால் ‘டிக்’. திறந்து பார்த்தால் அறை காலி. ‘அட, போட மறந்துவிட்டோம்’ என்று 12 போர் தோட்டா ஒன்றைப் போடுவார். அது தாராளமாக உட்காரும். முன்னால் நிற்பது அதற்கு இடைஞ்சலே இல்லை. இந்த முறை வெடிக்கும். முன்னால் நிற்பது மண்துளி அல்ல, மருந்தும் ஈயமும் நிறைந்த முழுத் தோட்டா. அதன் மருந்தும் சேர்ந்து பற்றலாம். கிழியும் இடம் அறையைத் தாண்டிய சில அங்குலம். முன்னால் நீட்டிய கையால் பிடித்திருப்பதும் அதையொட்டித்தான்.

அறை காலியா என்று பார்ப்பது போதாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். மறுமுனை வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டா நின்றால் இருட்டாக இருக்கும்.

20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்ததும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஆனால் மஞ்சள் அல்லாததெல்லாம் 12 என்று முடிவுகட்டாதீர்கள். அடியிலுள்ள உலோகத் தகட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துப்பாக்கி, ஒரு பை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் உதறிவிடுங்கள். போன வாரத்துத் தோட்டா ஒன்று மடிப்பில் கிடப்பதில்தான் வினை ஆரம்பிக்கும். 28 போர் தோட்டாவும் 20 போர் துப்பாக்கியில் இதே வேலையைச் செய்யும்.

அப்படி ஒன்று உள்ளே நின்றுவிட்டால் பின்பக்கமிருந்து கோலால் குத்தவே கூடாது. பிரைமர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அறையை முழுவதும் திறந்து வைத்து, உடம்பைக் குழலின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி, முனைப்பக்கமிருந்து மரக்கோலால் மெதுவாகத் தள்ளுங்கள். லேசான தள்ளலுக்கு வராவிட்டால் சுத்தியலை எடுக்காமல், துப்பாக்கி பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

கேள்வி: என் துப்பாக்கியில் 70 மி.மீ. என்று பொறித்திருக்கிறது. 76 மி.மீ. தோட்டாவும் அழகாக உள்ளே போகிறதே?

பதில்: போகும். தோட்டாவின் நீளத்தைக் குறிப்பது சுட்ட பிறகு, வாய்மடிப்பு விரிந்த நிலையில். மடித்திருக்கும்போது 76-ம் 70-ன் அறைக்குள் அடங்கிவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் சரிவுக்குள் நீட்டி, வாட்டும் ரவையும் போகும் வழியைக் குறுக்கும். அழுத்தம் எகிறும். தோட்டாவே தனக்கு அடைப்பாகிறது. ஒரே போரில், நீளம் குறைந்த தோட்டா நீளமான அறையில் ஓடலாம், மாற்றிச் செய்யக் கூடாது.

கேள்வி: பம்ப் துப்பாக்கியில் பின்பக்கமிருந்து பார்க்க முடியவில்லை. முன்னாலிருந்து பார்க்கவும் பயம்.

பதில்: அந்தப் பயம் உங்களை விட்டுப் போகவே வேண்டாம். முதலில் மேகசினை (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) காலி செய்யுங்கள், பிறகு அறையை. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். பல பம்ப் துப்பாக்கிகளில் மேகசின் மூடியைத் திருகிவிட்டால் குழல் தனியே வந்துவிடும். பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கலாம்.

கழற்ற நேரமில்லாத இடத்துக்கு ஒரு வழி: சுத்தமான, காலியான துப்பாக்கியில் போல்ட்டை மூடி, மரக்கோலை முனைவழியே போல்ட்டின் முகத்தில் தட்டும்வரை இறக்கி, முனை விளிம்புக்கு நேராகக் கோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை, துப்பாக்கியைக் காலி செய்த பிறகு, அதே கோலை இறக்கும்போது கோடு விளிம்புக்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கோலைப் பக்கவாட்டிலிருந்து இரு விரலால் பிடித்து இறக்குங்கள், உள்ளங்கையை முனைக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே நிறைய எண்ணெய் விட்டு வைக்கிறேன். சரியா?

பதில்: வைப்பதற்குச் சரி, சுடுவதற்குச் சரியில்லை. சுடுவதற்கு முன் காய்ந்த துணியை ஒருமுறை இழுத்துத் துடைத்துவிடுங்கள். கெட்டிக் கிரீஸ் என்றால் கட்டாயம். துடைத்த துணி முழுசாக வெளியே வந்ததா என்பதையும் பாருங்கள்; துணியை இழுக்கும் புல்த்ரூ கயிறு அறுந்து துணி உள்ளேயே தங்கிப்போவது உண்டு. கழற்றி மாட்டும் சோக் குழாய் தளர்ந்திருந்தால் அதன் உள்விளிம்பே ரவைக்குத் தடையாகிவிடும். ஒவ்வொரு பெட்டி தோட்டா முடிந்ததும், துப்பாக்கி காலி என்று உறுதி செய்துவிட்டு, அதற்குரிய சாவியால் முடுக்கிப் பாருங்கள்.

கேள்வி: குழலுக்குள் நிழல் மாதிரி ஒரு வளையம் தெரிகிறது. சுடுவதில் மாற்றம் எதுவும் இல்லை. தட்டி நேராக்கிவிடலாமா?

பதில்: உள்ளே குழிந்த நசுங்கலைத் தேர்ந்த கைக்காரர் உட்பக்கமிருந்து நெம்பி எடுத்துவிடுவார். வெளியே வீங்கியது வேறு கதை. உலோகம் இழுபட்டு மெலிந்துவிட்டது, தட்டினாலும் பழைய தடிப்பு வராது. முனைக்கு மிக அருகில் என்றால் அந்தத் துண்டை வெட்டிவிடுவது உண்டு. சோக் போய்விடும், சட்டப்படி குழலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச நீளத்தையும் பார்க்க வேண்டும். நடுக்குழலில் என்றால் குழலையே மாற்றுங்கள். வளையம் வீக்கம்தானா, ஈயப்படிவா என்று தெரியவேண்டுமானால் குழலைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். படிவு என்றால் பெரும்பாலும் பிரஷ்ஷோடு வந்துவிடும். வீக்கம் என்றால் நிழல் சுற்று முழுக்க அப்படியே நிற்கும். வெளிப்பக்கம் அதே இடத்தில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துத் தடவினால் ஒரு மெல்லிய மேடும் கைக்குத் தட்டுப்படலாம்.