டிவியில் கம்ப்யூட்டர்: கார்டு வாங்கும் முன் ரிமோட்டை எடுங்கள்

கேள்வி: சும்மா கிடந்த டெஸ்க்டாப்பை ஹாலில் உள்ள 43 அங்குல ஃபுல் எச்டி டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டு மாட்டினேன். படம், பாட்டு எல்லாம் ஓடுகிறது. ஆனால் திரையின் நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது. டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது, மூட வேண்டிய எக்ஸ் குறி டிவிக்கு வெளியே போய்விட்டது. சர்வீஸ் செய்பவர் வந்து படத்தைச் சுருக்கிக் கொடுத்தார். இப்போது முழுதாகத் தெரிகிறது, ஆனால் எழுத்து கலங்கலாக இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றச் சொல்கிறார், 6,000 ரூபாயாம். வாங்கலாமா?
— ஈரோடு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கார்டில் ஒரு குறையும் இல்லை. படத்தை வெட்டுவது டிவி.

இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். பிக்சர் டியூப் டிவி காலத்தில் படத்தின் ஓரங்கள் ஒரே இடத்தில் நிற்காது. மின்சாரம் ஏறி இறங்கினாலே படம் சுருங்கும், விரியும். ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, மிச்சத்தை டியூப்பின் சட்டத்துக்குள் மறைத்தார்கள். எல்இடி திரைக்கு அந்த அவசியமே இல்லை. ஆனாலும் பழக்கம் விடாமல், பல டிவிகள் இன்றும் எச்.டி.எம்.ஐ.யில் வரும் படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. சினிமா பார்க்கும்போது நமக்குத் தெரியாது. டாஸ்க்பார் என்று ஒன்று வந்ததும் பல்லிளிக்கிறது.

வந்தவர் செய்தது என்னவென்றால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் படத்தைச் சுருக்கியிருக்கிறார். 5 சதவீதம் சுருக்கினார் என்று வைத்துக்கொள்வோம். 1920 புள்ளி அகலப் படத்தை கம்ப்யூட்டர் 1824 புள்ளிக்குள் அமுக்குகிறது. டிவி அதை மறுபடி 1920-க்கு இழுக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை நசுங்கி வெளியே வருகிறது. கலங்கல் அதனால்தான். 6,000 ரூபாய் கார்டு போட்டாலும் டிவி இதையேதான் செய்யும்.

முதலில் டிரைவரில் அவர் சுருக்கியதைப் பழையபடி ஆக்குங்கள். ஓரம் மறுபடி வெட்டுப்படும், பயப்பட வேண்டாம். டெஸ்க்டாப் ரெசல்யூஷன், அதாவது திரையின் புள்ளிக் கணக்கு, 1920 × 1080 என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு டிவி ரிமோட்டை எடுத்து பிக்சர் சைஸ் பகுதிக்குப் போங்கள். ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவுக்குள் ‘ஃபுல் பிக்சல்’. வேறு சில டிவிகளில் ‘டாட் பை டாட்’ அல்லது ‘1:1’ என்று இருக்கும். அதைப் போட்ட நொடியில் எக்ஸ் குறி மூலையில் வந்து உட்காரும், எழுத்தும் தெளியும்.

இன்னும் ஒன்று செய்யுங்கள். சாம்சங், எல்ஜி டிவிகளில் அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றலாம். பெயர்தானே என்று நினைக்காதீர்கள். அப்படி மாற்றினால், படத்தை மெருகேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு டிவி உள்ளே செய்யும் பல வேலைகள் நின்றுவிடும். மவுஸை நகர்த்தினால் அம்பும் கூடவே நகரும். அதற்குப் பிறகு ஷார்ப்னெஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கறுப்பு எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அது மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

சர்வீஸ் செய்தவரைக் குறை சொல்லவில்லை. மானிட்டரே பார்த்துப் பழகியவருக்கு டிவிக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருக்கலாம். அவரிடமும் சொல்லுங்கள், அடுத்த வீட்டுக்காரருக்கு 6,000 மிச்சமாகும்.

கேள்வி: 55 அங்குல 4கே டிவியும் பழைய மினி பிசியும் இருக்கின்றன. 4கே வைத்தால் மவுஸ் தத்தித் தத்திப் போகிறது. செட்டிங்கில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே காட்டுகிறது, 60 இல்லை. கேபிளை மாற்றச் சொன்னார்கள். ‘எச்.டி.எம்.ஐ. 2.1’ என்று அச்சிட்ட 10 மீட்டர் கேபிள் வாங்கினேன், பலன் இல்லை.
— நாகர்கோவில் வாசகி

பதில்: உங்கள் காசு போன இடம் தவறு, அம்மா. ஹெர்ட்ஸ் என்பது திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. செட்டிங்கில் 60 என்ற வரியே இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள் காரணமாக இருக்காது. கேபிள் தகராறு செய்தால் அது வேறு மாதிரி தெரியும்: திரையில் மினுக் மினுக்கென்று புள்ளிகள் வரும், அல்லது ஓரிரு நொடி கறுத்துக் கறுத்துத் திரும்பும்.

கம்ப்யூட்டரும் டிவியும் இணைந்தவுடன், “நான் இன்னின்ன அளவு தாங்குவேன்” என்று டிவி ஒரு பட்டியல் அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் கம்ப்யூட்டரின் போர்ட்டுக்கு எது முடியுமோ அதுதான் உங்களுக்குத் தெரிகிறது. ஆகவே பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

டிவியில் இருந்து தொடங்குங்கள், செலவில்லை. பல 4கே டிவிகளில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் முழு வேகம் அடைத்தே இருக்கும், நாம்தான் திறக்க வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் ப்ளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. கேபிள் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறதோ அந்த போர்ட்டுக்கு இதை ஆன் செய்யுங்கள்.

அப்படியும் வரவில்லையா? மினி பிசியின் போர்ட் எச்.டி.எம்.ஐ. 1.4 ஆக இருக்கும். 2009-இல் வந்த அந்த வகை 4கே-யை 30 ஹெர்ட்ஸ் வரைதான் தரும். 60 வேண்டுமென்றால் 2013-இல் வந்த 2.0 தேவை. இன்டெல் 10-ஆம் தலைமுறை பிராசஸர் வரையிலான மெஷின்களில் பெரும்பாலும் 1.4-தான். ஆனால் பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல் இருக்கும். இருந்தால் வழி பிறந்தது. அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. 2.0-க்கு மாற்றும் ‘ஆக்டிவ்’ அடாப்டர், அதாவது சிக்னலை மாற்றும் சிப் உள்ளேயே இருப்பது, கேளுங்கள். மலிவான ‘பாஸிவ்’ அடாப்டரில் 4கே 60 வராது. ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சினிமா மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் ஒரு பைசா செலவு வேண்டாம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்தான். 1.4 போர்ட்டிலேயே 4கே 24 ஹெர்ட்ஸ் வரும். படம் பார்க்கும்போது அதற்கு மாற்றிக்கொண்டால் ஓட்டம் சீராக இருக்கும்.

அந்த 10 மீட்டர் கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேபிளுக்கு ‘2.1’ என்று முறையான வகைப் பெயர் கிடையாது. ‘ப்ரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் நொடிக்கு 18 கிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48. சான்று பெற்ற கேபிளின் உறையில் ஸ்கேன் செய்து பார்க்கும் ஸ்டிக்கர் இருக்கும். தங்க முலாம் பூசியிருப்பதால் படம் கூடுதல் தெளிவாக வராது. என் வீட்டில் சுவருக்குள் 12 மீட்டர் செம்புக் கேபிள் இழுத்து, பூச்சு வேலை முடிந்து, பெயின்டும் அடித்த பிறகுதான் 4கே 60 போட்டுப் பார்த்தேன். சில நிமிடத்துக்கு ஒரு தடவை திரை கறுத்தது. சுவரை மறுபடி கொத்தினோம். அந்த நீளத்துக்கு, சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் சரி. அதற்குத் தலை வால் உண்டு: ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டும். எந்தக் கேபிளானாலும் முதலில் தரையில் போட்டு ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். சுவருக்குள் போவதானால் பைப் வைத்து இழுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரிலிருந்து படம் போட்டால் இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. செட்டாப் பாக்ஸில் அப்படி இல்லை.
— சேலம் வாசகர்

பதில்: கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணும். டிவி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. உங்கள் கம்ப்யூட்டர் 16 என்று அனுப்புவதை, 0-தான் கறுப்பு என்று எண்ணும் டிவி சாம்பலாகக் காட்டுகிறது. இதுவே தலைகீழாக இருந்தால் இருட்டுக் காட்சியில் ஆள் முகமே தெரியாமல் கறுப்பு அப்பிக்கொள்ளும். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ‘ஃபுல்’ (0 முதல் 255), ‘லிமிடெட்’ (16 முதல் 235) என்று இருக்கும். டிவியில் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் போதும். பிரைட்னெஸைக் குறைத்துச் சரிக்கட்டாதீர்கள், செட்டாப் பாக்ஸ் படமும் கெட்டுவிடும்.

கேள்வி: ஆன்லைனில் ‘4கே சப்போர்ட்’ என்று போட்டிருந்த 32 அங்குல டிவி வாங்கினேன். கம்ப்யூட்டரை மாட்டினால் 1366 × 768 என்கிறது. இது ஏமாற்று இல்லையா?
— கடலூர் வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம். 4கே என்றால் 3840 × 2160. உங்கள் திரையில் இருப்பது அதில் எட்டில் ஒரு பங்கு புள்ளிகள்தான். 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டுவதைத்தான் ‘சப்போர்ட்’ என்ற சொல்லுக்குள் ஒளித்திருக்கிறார்கள். அடுத்த முறை ‘பேனல் ரெசல்யூஷன்’ என்ற வரியை மட்டும் தேடிப் படியுங்கள்.

இப்போதைக்கு, திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் இன்றைக்கே ஒரு வேலை செய்துவிடுங்கள்: அந்த விளம்பரப் பக்கத்தையும், 1366 × 768 என்று காட்டும் திரையையும், பெட்டியின் மேல் உள்ள ஸ்டிக்கரையும் படம் எடுத்து வையுங்கள். புகார் போனதும் விளம்பரத்தை மாற்றிவிட முடியும், நீங்கள் எடுத்த படத்தை மாற்ற முடியாது.