ஒன்றரை வயதுக் குழந்தையோடு இரண்டு நாள் கடற்கரை

ஒன்றரை வயதுக் குழந்தையோடு இரண்டு நாள் கடற்கரைக்குப் போக என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தையின் மதியத் தூக்கம் ஒரு மணிக்கு என்கிறீர்கள். நீங்கள் பார்த்துவைத்த அறையோ கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். முதலில் அறையை மாற்றுங்கள். வண்டியில் பத்து நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு அறை வாசலில் முழித்துக்கொண்டால், அன்றைய தூக்கம் அவ்வளவுதான். வாடகை கூடினாலும் நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். பால்கனி இருந்தால் கம்பி இடைவெளியையும் கேட்டுவிடுங்கள்.

கரைக்குக் காலை பத்துக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். மறுபடி மாலை நான்குக்கு மேல். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீனை அறையிலேயே, கிளம்ப 20 நிமிடம் முன்பு பூசுங்கள். மணல் ஒட்டிய தோலில் பூசினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி எரியும்.

நீச்சல் டயப்பர் மலத்தைத்தான் தாங்கும், சிறுநீரை அல்ல. வண்டியிலேயே மாட்டினால் சீட் நனையும். தண்ணீரில் இறங்கும்போது மாற்றினால் போதும். சாதாரண டயப்பரோடு இறக்கினால் கடல்நீரை உறிஞ்சி ஊதி, முழங்காலுக்கு வந்துவிடும்.

கணுக்கால் ஆழம்தானே என்று விட்டு நகராதீர்கள். திரும்பிப் போகும் அலை காலடி மணலை அரித்துக் குழந்தையைச் சாய்த்துவிடும். எப்போதும் கையெட்டும் தூரத்தில் ஒருவர், அதுவும் கைபேசி இல்லாமல்.

கண்ணில் மணல் விழுந்தால் கசக்க விடாமல் குடிநீரை ஊற்றிக் கழுவுங்கள். அதற்கென்றே ஒரு லிட்டர் தனியாக இருக்கட்டும்.