ராத்திரி ஆள் நுழைந்தால்: ஓர் அலாரக்காரரிடம் கேட்டவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் 20 வருடமாக வீடுகளுக்கு அலாரமும் இரும்பு கேட்டும் மாட்டுகிறவன் நான். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

அண்ணா, எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டாச்சு. இன்னும் என்ன? (டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒருவர்)

ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவே நடையில் ஒரு கேட் போடுங்கள். படுக்கும்போது பூட்டிவிட்டால், வந்தவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போகட்டும், உங்கள் பக்கம் வர அவனுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை செலவும். கேட் சாவி தலைமாட்டில், டார்ச்சோடு இருக்கட்டும். வாசல் சாவியை மட்டும் ஜன்னல் பக்கம் ஆணியில் தொங்கவிடாதீர்கள், கம்பியில் கொக்கி போட்டு எடுத்துவிடுவான். அப்புறம் தீ. ஒரு படுக்கையறை ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து நமக்கே கூண்டு கட்டிக்கொண்ட வீடுகள் நிறைய.

கரண்ட் போனால் அலாரம் வேலை செய்யுமா?

உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். 2023-இல் அடிக்கடி கரண்ட் நின்றபோது, மறுபடி சார்ஜ் ஏற நேரமில்லாமல் எத்தனையோ பேட்டரி செத்தது. பகலில் அலாரத்துக்குப் போகும் கரண்டை அணைத்து, 2 மணி நேரம் கழித்து சைரனை அடித்துப் பாருங்கள். முனகினால் மாற்றுங்கள்.

துப்பாக்கி வாங்கலாமா அண்ணா?

21 வயது, துப்பாக்கியைக் கையாளும் தகுதிச் சான்றிதழ், லைசென்ஸ், பாதுகாப்புப் பெட்டகம் எல்லாம் வேண்டும். தற்காப்பு லைசென்ஸ் 5 வருடத்துக்குத்தான். உயிருக்கு ஆபத்தான அந்த நிமிடத்தில் தற்காத்துக்கொள்ளலாம். ஓடுகிறவன் முதுகில் சுட்டால் கொலை வழக்கில் நிற்பது நீங்கள்தான். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி சமையலறையில் சத்தம் கேட்டு உலக்கையோடு போனேன். இருட்டில் நின்றவன் என் மச்சான் மகன், பிரியாணிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கையில் உலக்கையாக இருந்ததே நல்லதாய்ப் போயிற்று.

நாய் வளர்க்கலாமா?

வெளியே கட்டிய பெரிய நாய்க்கு விஷம் வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் படுக்கிற சின்ன நாய் போதும், குரைத்தால் சரி.

மெர்பேங்க்கில் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு என்ன சொல்லி வைப்பது?

சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்க்கக் கூடாது. கேட்டைப் பூட்டிக்கொண்டு பானிக் பட்டனை (ஆபத்தில் அலாரத்தைக் கிளப்பும் பட்டன்) அழுத்திவிட்டு போலீஸ் எண் 10111-ஐக் கூப்பிடட்டும், செல்போனில் 112. பட்டனைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் அக்கா. போன வாரம் ஒரு பாட்டி வீட்டில் தேடினோம், முருகர் படத்துக்குப் பின்னால் இருந்தது, ஜவ்வாதுப் பொட்டலத்தோடு.