சத்தமும் லிமிட்டுக்குள்ள, தின்னரும் லிமிட்டுக்குள்ள, அப்புறம் காது ஏன் மந்தமாச்சு?

கேள்வி: என் வீட்டுக்காரர் 19 வருஷமா ஆஃப்செட் பிரஸ்ல மெஷின்மேனா இருக்கார். ஒரு வருஷமா நான் ஒண்ணு கேட்டா அவர் வேற ஒண்ணு பதில் சொல்றார், விசேஷ வீட்டுல நாலு பேர் சேர்ந்து பேசினா ஒண்ணும் புரியலைன்னு ஒதுங்கி உக்காந்துக்கிறார். கம்பெனிக்கு ஆள் வந்து அளந்துட்டு சத்தமும் லிமிட்டுக்குள்ள, தின்னர் வாடையும் லிமிட்டுக்குள்ளன்னு சொல்லிட்டாங்க. வயசுனாலன்னு விட்டுடலாமா? அவருக்கு 44தான் ஆகுது.
- ஒரு வாசகி, சிவகாசி

பதில்: விட்டுடாதீங்கம்மா, 44 காது மந்தமாகுற வயசே இல்ல. அளந்த கணக்கு பொய்னு நான் சொல்லல, ஆனா அவங்க சத்தத்தைத் தனியா அளந்தாங்க, வாடையைத் தனியா அளந்தாங்க, உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு ரெண்டும் சேர்ந்துல்ல போகுது.

கலர் மாத்துற ஒவ்வொரு தடவையும் பனியன் வேஸ்ட்டை தின்னர்ல முக்கி, மூஞ்சியை பிளாங்கெட்டுக்கு (மையைத் தாளுக்கு மாத்துற ரப்பர் ஷீட்டுக்கு) அரை அடி கிட்ட கொண்டுபோய்த் துடைப்பாங்க, பக்கத்து மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். பல தின்னர்ல இருக்கிற டொலுவீன்ங்கிற கரைப்பான் மூச்சு வழியா ரத்தத்துல கலந்து உள்காதுக்கே போயிடும். அங்க சத்தத்தை உணர்ற முடி செல்களை அதிக சத்தமும் அடிக்குது, டொலுவீனும் அடிக்குது, செத்த செல் மனுஷங்களுக்குத் திரும்ப முளைக்காது. அதோட, பெரிய சத்தம் வந்தா காதுக்குள்ள ஒரு குட்டித் தசை தானா இறுகி கொஞ்சம் தடுத்துக்கும், டொலுவீன் அந்த இறுக்கத்தையே குறைக்குதுன்னு எலிகளை வெச்சுப் பண்ண ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. காவலுக்கு நின்னவனையே தூங்க வெச்சுட்ட மாதிரி.

1993-ல பிரேசில்ல இருந்து தாயிஸ் மொராட்டா குழுவோட ஆய்வு ஒண்ணு வெளியாச்சு, அச்சு, பெயின்ட் தொழிலாளர்களைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. எதுவும் படாதவங்களை விட, சத்தம் மட்டும் பட்டவங்களுக்கு காது மந்தமாகுற வாய்ப்பு 4 மடங்கு, கரைப்பான் கலவை பட்டவங்களுக்கு 5 மடங்கு, சத்தமும் டொலுவீனும் சேர்ந்து பட்டவங்களுக்கு 11 மடங்கு. இப்படித் தனித்தனியா ஆள் கிடைக்கிறதுதான் இந்த ஆராய்ச்சியில பெரிய பாடு, ஒரே ஷெட்டுல எல்லாருக்கும் எல்லாமும் படும், எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு எப்படிப் பிரிப்பீங்க? அதனால லிமிட்டும் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாவே நிக்குது. நம்ம ஊர்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்ங்கிற கணக்கு, தின்னரை மூச்சுல இழுத்துக்கிட்டே நிக்கிறவரை மனசுல வெச்சுப் போட்டது இல்ல. ஐரோப்பாவுல 2003 சத்த விதியிலேயே, காதைக் கெடுக்கிற கெமிக்கலும் சத்தமும் சேர்ந்தா என்ன ஆகும்னு முதலாளி பார்க்கணும்னு எழுதிட்டாங்க, இங்கேயும் அது கண்டிப்பா வரணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது, ஞாயித்துக்கிழமை முழுக்க ரெஸ்ட் எடுத்துட்டு திங்கக்கிழமை காலையில ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பார்க்குற டெஸ்ட், எடுங்க. பீப் சத்தம் கேக்குறதோட நிறுத்தாம, இரைச்சல்ல பேச்சு புரியுதான்னும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஏன்னா கரைப்பான் காதுல இருந்து மூளைக்குப் போற வழியையும் கெடுக்கலாம், அவர் விசேஷ வீட்டுல ஒதுங்குறது அதனாலயும் இருக்கலாம். தின்னர் டின் லேபிளை போன்ல படம் எடுத்துட்டுப் போங்க, முன்னாடி டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தா அதையும் சொல்லணும், அதுவும் காதைக் கெடுக்கும். துணி மாஸ்க் தின்னர் ஆவிக்கு ஒண்ணும் பண்ணாது, ஆவியை உறிஞ்சுற கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க்தான் வேணும், காதுக்கு பிளக்கும் வேணும். டின்னுக்கும் துடைச்ச வேஸ்ட் போடுற டப்பாவுக்கும் மூடி போடச் சொல்லுங்க. வேலை முடிஞ்சு குடிக்கிற பழக்கம் இருந்தா, ஆல்கஹால் டொலுவீனை உடம்பை விட்டு சீக்கிரம் வெளியேற விடாது, அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க.

இ.எஸ்.ஐ. இருந்தா அங்கேயே காட்டுங்க, சத்தத்தால வர்ற காது மந்தம் தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு. டாக்டர் சீட்டுல சத்தம்னு மட்டும் எழுதினா, தின்னரையும் சேர்த்து எழுதுங்கன்னு கேட்டு வாங்குங்க.