குசாட்சு வெந்நீரூற்று: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானின் குசாட்சுவில் பீறிடும் வெந்நீர் எரிமலைக்குள்ளேயே சுரப்பதா?

பதில்: இல்லை. நீரில் பெரும்பகுதி மழையும் உருகிய பனியும்தான்; எரிமலை தருவது வெப்பமும் வாயுக்களும். குன்மா மாநிலத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரின் அருகே குசாட்சு-ஷிரானே எரிமலை இருக்கிறது. அதன் சரிவுகளில் ஊறி இறங்கும் நீர், ஆழத்திலிருந்து மேலெழும் கந்தக வாயுக்களையும் ஹைட்ரஜன் குளோரைடையும் கரைத்துக்கொண்டு அமிலமாகிறது. ஊர் நடுவேயுள்ள யுபதாகே ஊற்றின் பிஎச் அளவு ஏறத்தாழ 2. எலுமிச்சைச் சாற்றின் அளவும் அதுவே. இரும்பு ஆணியைப் போட்டுவைத்தால் சில நாட்களில் அரித்து மெலிந்துவிடும்.

கேள்வி: அவ்வளவு சூடான நீரில் எப்படிக் குளிக்கிறார்கள்? பச்சைத் தண்ணீர் கலக்கலாமே?

பதில்: கலந்தால் ஊற்றின் குணம் நீர்த்துவிடும் என்பது அவ்வூரார் கட்சி. ஆகவே, நாம் பாலை ஆற்றுவதுபோல், அவர்கள் நீண்ட மரப்பலகைகளால் நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றினார்கள். இதற்கு யுமோமி என்று பெயர். ஆற்றிய பின்னும் அது 48 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும் என்பதால், தலையில் பலமுறை வெந்நீர் ஊற்றிக்கொண்டு, குளிப்புக்குத் தலைமை தாங்குபவர் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்கி, 3 நிமிடங்களில் ஒன்றாகவே கரையேறும் முறை உருவாயிற்று. இன்று யுமோமி பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி.

கேள்வி: தொழுநோயாளர்கள் அங்கே குடியிருந்தது உண்மையா?

பதில்: உண்மை. ஊற்று நீர் நோயைத் தீர்க்கும் என்று நம்பி அவர்கள் வந்தார்கள். 1887இல் அவர்களுக்கென யுனோசாவா என்ற பகுதி பிரிக்கப்பட்டது. அதை வெறும் ஒதுக்கிடம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அங்கே அவர்கள் தாமே விடுதிகளையும் கடைகளையும் நடத்தினார்கள். 1916இல் மேரி கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேய மதத்தொண்டர் வந்து அவர்களுக்காக உழைத்தார். 1932இல் அரசின் தொழுநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் யுனோசாவா கலைக்கப்பட்டது. அமில நீர் தோல்மேல் வளரும் கிருமிகள் சிலவற்றைக் கொல்லும். உடலுக்குள் வேரூன்றிய தொழுநோயை அது தீர்க்கவில்லை.

கேள்வி: குளித்த நீர் ஆற்றில் கலந்தால் மீன்கள் என்னாகும்?

பதில்: முன்பு கீழ்நிலை ஆறுகளில் மீனே இல்லை; பாலத்தின் இரும்பும் சிமெண்டும்கூட அரித்தன. 1964 முதல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கரைத்து, இரவு பகலாக ஆற்றில் விடுகிறார்கள். அதனால் உண்டாகும் வண்டலைத் தேக்க 1965இல் ஷினாகி அணை கட்டப்பட்டது. அந்த அணையையும் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.